எலெக்ட்ரிக் சிதார் வாங்கலாமா?

கிடார் வாசிப்பவர்களுக்கு இரண்டாவது கிடார் வாங்கும் காலம் ஒன்று வரும். முதல் கிடார் பெரும்பாலும் கையில் இருந்த பணத்தையும் கடையில் இருந்த சரக்கையும் பொறுத்து அமைந்துவிடுகிறது. உண்மையான தேர்வு இரண்டாவதில்தான் தொடங்குகிறது. எல்லாப் பாட்டுக்கும் ஓரளவு ஒத்துவருகிற இன்னொரு கிடாரை வாங்குவதா, வேறெதுவும் தர முடியாத ஒரே ஒரு குரலைத் தருகிற கிடாரை வாங்குவதா?

இந்தக் கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோய் நிறுத்துகிற கருவி எலெக்ட்ரிக் சிதார். பெயரில் சிதார் இருந்தாலும் அது கிடார்தான். கழுத்து, ஆறு தந்திகள், அவற்றின் சுருதி வரிசை எல்லாமே கிடாருடையவை. கிடார் தெரிந்தவர் புதிதாக எதையும் கற்காமல் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்கலாம். மாறியிருக்கும் முக்கிய உறுப்பு பிரிட்ஜ், அதாவது வீணையில் குதிரை என்று சொல்கிறோமே அந்தப் பாகம். அந்த ஒரு மாற்றத்தால் ஒவ்வொரு சுரமும் ரீங்காரத்தோடு எழுந்து, கூர்மையாகத் தெறித்து, சீக்கிரம் அடங்கிவிடுகிறது. சாதாரண எலெக்ட்ரிக் கிடாரில் பிக்கப்பை மாற்றலாம், டோனைக் குறைக்கலாம், ஒலியை மென்மையாக்கலாம். இதில் ரீங்காரத்தை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. வாங்குகிறவர் அந்தக் குரலோடு வாழ ஒப்புக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சிதாராக எண்ணி வாங்குகிறவர் ஏமாற்றம் அடைவார். பிரிட்ஜ் மாறிய கிடாராக எண்ணி வாங்குகிறவருக்கு இது அருமையான கருவி. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான ஒலிப்பதிவுகள் இதற்குச் சாட்சி. ஆனால் அந்த முடிவுக்கு வர, கருவி பிறந்த கதையையும் அதன் பிரிட்ஜில் நடப்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1965இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் சிதார் வாசித்தார். அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் 'பெயின்ட் இட் பிளாக்' பாட்டில் வாசித்தார். இரண்டிலும் ஒலித்தது அசல் சிதார். 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டெரே இசைவிழாவில் ரவிசங்கர் வாசித்தார். அந்த ஒலி வேண்டும் என்று பாப் இசைத் தயாரிப்பாளர்கள் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. கேட்கப்பட்டவர்கள் ஸ்டுடியோக்களில் சம்பளத்துக்கு வாசிக்கும் கிடார் கலைஞர்கள். மூன்று மணி நேர அமர்வுக்குள் பல பாட்டுகளை முடித்துக் கொடுக்க வேண்டிய தொழில் அவர்களுடையது. சிதாரோ இருபது தந்திகளை நெருங்கும் வாத்தியம். உட்காரும் முறை, மிஸ்ராப் என்ற மீட்டுகம்பி போட்ட விரலின் அசைவு, இடது கையின் இழுப்பு எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். ஒரு விளம்பரப் பாட்டுக்காக அதை யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

நியூயார்க்கில் ஓய்வில்லாமல் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டுடியோ கிடார் கலைஞர் வின்சென்ட் பெல் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். அவர் ஏற்கெனவே நியூ ஜெர்சியின் டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தோடு சேர்ந்து பெல்சூக்கி என்ற 12 தந்திக் கிடாரை உருவாக்கியவர். டேன்எலெக்ட்ரோ, நேதன் டேனியல் 1947இல் தொடங்கிய நிறுவனம். சியர்ஸ் போன்ற பெரிய கடைகளுக்குக் குறைந்த விலைக் கிடார்களைச் செய்து கொடுத்தது. மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் பலகையில் உடல், உதட்டுச்சாயக் குழாய்க்குள் அடைத்த பிக்கப் என்று செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த வழிகளே அதன் தனி ஒலிக்கும் காரணமாயின. 1967இல் அந்த ஆலையிலிருந்து கோரல் என்ற பெயரில் எலெக்ட்ரிக் சிதார் வந்தது. முந்தைய ஆண்டே டேன்எலெக்ட்ரோ, எம்சிஏ என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. 1969இல் ஆலை மூடப்பட்டது. ஆக, அசல் கோரல் கருவிகள் சுமார் இரண்டு ஆண்டுகள்தான் தயாராயின. இன்று அவை பழம்பொருள் சேகரிப்பவர்களின் விலைக்கு விற்பதற்கு ஒலியின் தரத்தைவிட இந்தக் குறுகிய ஆயுளே பெரிய காரணம்.

இந்தப் பிறப்பை நாம் மரியாதையோடு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது யாரோ ஆன்மிக மயக்கத்தில் செய்த பொம்மை இல்லை. தன் தொழிலில் ஒரு தேவை எழுந்தபோது ஒரு வாத்தியக்காரர் கைக்கு அடக்கமாகச் செய்துகொண்ட கருவி.

இனி பிரிட்ஜுக்கு வருவோம். இந்தக் கருவியின் உயிரும் அதன் குறைகளும் அங்கேதான் இருக்கின்றன.

சாதாரண கிடாரில் தந்தி ஒரு கூர்மையான விளிம்பில் வந்து நிற்கிறது. அதன் நீளம் அங்கே துல்லியமாக முடிகிறது. அப்படிப்பட்ட தந்திக்கு ஒரு விதி உண்டு. தாமஸ் யங் 1800ஐ ஒட்டிய காலத்தில் கண்டது அது. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு, அதாவது அசையாத புள்ளி, உள்ள மேற்சுரங்கள் எழுவதில்லை. சரியாக நடுவில் மீட்டினால் நடுவில் கணு உள்ளவை எல்லாம் அடங்கிப்போகும். அதனால்தான் கிடாரில் பிரிட்ஜ் அருகே மீட்டினால் ஒரு நிறமும் கழுத்தருகே மீட்டினால் இன்னொரு நிறமும் கிடைக்கிறது.

தம்புராவும் வீணையும் இந்த விதிக்கு அடங்கவில்லை. இதை ஆராய்ந்து 1921இல் எழுதியவர் சர் சி. வி. ராமன். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து, அப்போது கல்கத்தாவில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். ஒளிச்சிதறலுக்காக உலகம் அவரை அறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மிருதங்கத்தையும் தம்புராவையும் வீணையையும் இயற்பியல் பொருள்களாக எடுத்து ஆராய்ந்தார். நம் குதிரைகள் விளிம்பாக இல்லாமல் அகன்று, மெல்ல வளைந்து இருக்கின்றன. தந்தி அதிரும்போது அந்த வளைந்த பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அந்த ஓயாத மெல்லிய தொடுகை, விதிப்படி இல்லாமல் போயிருக்க வேண்டிய மேற்சுரங்களையும் எழுப்பிவிடுகிறது. தம்புராவில் நாம் குதிரைமேல் வைக்கும் ஜீவாளி நூல் இந்தத் தொடுகை நடக்கும் இடத்தை நிர்ணயிக்கிறது. நூல் மயிரிழை நகர்ந்தால் தம்புரா ஊமையாகும். இன்னொரு மயிரிழை நகர்ந்தால் மேற்சுரங்கள் அலை அலையாக எழும். சிதாரில் நூல் இல்லை. குதிரையின் மேற்பரப்பையே கைத்திறனால் தேய்த்துச் சரிசெய்கிறார்கள். அந்தக் கலைக்கு ஜவாரி என்று பெயர்.

எலெக்ட்ரிக் சிதாரின் பிரிட்ஜ் இதே தத்துவத்தைத் திருகாணிகளால் செய்கிறது. ஏறக்குறைய தட்டையான, அகன்ற ஒரு துண்டு. அதன் உயரத்தையும் சாய்வையும் மாற்றித் தந்திகள் அதை உரசும் அளவை அமைக்கலாம். காந்தப் பிக்கப் உணர்வது உலோகத் தந்தியின் அசைவை. ரீங்காரம் தந்தியின் அசைவிலேயே இருப்பதால் அது அப்படியே ஆம்ப்ளிஃபயர் வரை போய்விடுகிறது. அழகான தீர்வு.

ஆனால் தம்புராவுக்கு இல்லாத ஒரு தொல்லை இங்கே வருகிறது. தம்புராவின் நான்கு தந்திகளையும் திறந்தே மீட்டுகிறோம். மெட்டுகளில் விரல் வைப்பதில்லை. தந்தியின் முனை குதிரைமேல் எங்கே முடிகிறது என்ற ஐயம் அங்கே யாரையும் பாதிப்பதில்லை. சிதாரிலும் இராகம் முக்கியமாக ஒரு தந்தியில் நடக்கிறது, மற்றவை சுருதிக்குத் துணை. கிடாரிலோ ஆறு தந்திகளையும் கழுத்தின் எந்த இடத்திலும் அழுத்தி, சேர்த்து ஒலிக்கவிட்டு, கார்டு வேண்டும் என்கிறோம். அதற்கு ஒவ்வொரு தந்தியின் நீளமும் துல்லியமாக இருக்க வேண்டும். நல்ல எலெக்ட்ரிக் கிடாரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சேடில் வைத்து அதைச் சரிசெய்வது இதற்காகத்தான். அகன்ற ஒற்றைத் துண்டில் அந்த வசதி இல்லை. ஆகவே கழுத்தின் மேற்பகுதியில் போடும் கார்டுகள் லேசாகப் பிசகும். உரசல் தந்தியின் ஆற்றலை உறிஞ்சுவதால் சுரம் நீடித்து நிற்பதும் இல்லை. இவை தயாரிப்பாளரின் கவனக்குறைவால் வந்தவை என்று எண்ணிப் பலர் கருவியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஒலிக்கு நாம் கொடுக்கும் விலை இது. எந்த நிறுவனத்தின் கருவியிலும் கொஞ்சமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கோரல் கருவியின் மேல்பகுதியில் 13 கூடுதல் தந்திகள் தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கென்று ஒரு பிக்கப்பும் உண்டு. பார்ப்பதற்குக் கம்பீரம். பயன் குறைவு. சிதாரில் தரப் தந்திகள் மெட்டுகளுக்கு அடியிலேயே ஓடி, வாசிக்கும் இராகத்தின் சுரங்களுக்குச் சேர்க்கப்பட்டு, முதன்மைத் தந்தியின் அதிர்வுக்குத் தாமாகவே பதில் சொல்கின்றன. கோரலில் அவை ஒதுங்கி இருப்பதால் அந்தப் பதில் மெலிந்துபோகிறது. பெரும்பாலும் பாட்டின் தொடக்கத்தில் கையால் ஒருமுறை வருடிவிடத்தான் உதவும். அதற்காக 13 தந்திகளைச் சுருதி சேர்ப்பதும் மாற்றுவதும் துருப்பிடிக்காமல் காப்பதும் வீண் உழைப்பு என்பது என் தீர்மானமான கருத்து.

கருவியை அதன் பாட்டுகளில் கேட்டுப் பார்ப்பதுதான் வாங்குகிறவருக்கு மிகச் சிறந்த பாடம். தேடிக் கேட்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பல இருக்கின்றன. அவை ஒரு சுவையான உண்மையைச் சொல்கின்றன. இந்தக் கருவிக்கு நிலையான வாழ்வைக் கொடுத்தவர்கள் இந்தியாவைக் கனவு கண்டவர்கள் இல்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ், டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா நகரங்களில் சோல் இசையும் பாப் இசையும் பதிவுசெய்த ஸ்டுடியோக் கலைஞர்கள்தான் கொடுத்தார்கள்.

1968இல் பாக்ஸ் டாப்ஸ் குழுவின் 'க்ரை லைக் எ பேபி', அதே ஆண்டு பி. ஜே. தாமஸின் 'ஹுக்ட் ஆன் எ ஃபீலிங்'. இரண்டிலும் மெம்ஃபிஸின் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோவில் எலெக்ட்ரிக் சிதார் வாசித்தவர் ரெஜி யங். அவர் வாசித்ததைக் கூர்ந்து கேளுங்கள். சிதார் வாசிப்பதாகப் பாவனை செய்யவே இல்லை. தெற்கு மாநிலக் கிடார் கலைஞர் ஒருவர் தன் கிடாரில் வாசிக்கக்கூடிய சிறுசிறு தொடர்களையே வாசித்தார். ரீங்காரம் அவற்றுக்கு ஒரு துடிப்பைக் கொடுத்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நுழைந்து, ஒரு வாக்கியம் பேசி, விலகிவிடுகிறது கருவி. சுரம் சீக்கிரம் அடங்கிவிடும் என்ற குறை அங்கே குணமாகிவிடுகிறது. பாடகரின் குரலோடு மோதாமல் இடம் விட்டு நிற்க அது உதவுகிறது.

1970இல் வந்த ஸ்டீவி வொண்டரின் 'சைன்டு, சீல்டு, டெலிவர்டு' பாட்டின் முதல் நொடியிலேயே இந்தக் கருவி வந்து கேட்பவரைப் பிடித்துக்கொள்ளும். ஃபிலடெல்ஃபியாவில் இசையமைப்பாளர் தாம் பெல், டெல்ஃபானிக்ஸ், ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுக்களின் காதல் பாட்டுகளில் வயலின் கூட்டத்துக்கு நடுவே இதைப் பயன்படுத்தினார். அவ்வளவு மென்மையான இசையமைப்பில் இவ்வளவு கூர்மையான ஒலி எப்படிப் பொருந்தியது என்று நான் வியந்திருக்கிறேன். மற்றவை எல்லாம் நீண்டு வழியும்போது இது மட்டும் சொட்டுச் சொட்டாக விழுவதால் என்றே தோன்றுகிறது.

ராக் இசைக்காரர்கள் வேறு வழிகளில் போனார்கள். 1972இல் ஸ்டீலி டேன் குழுவின் 'டூ இட் அகெய்ன்' பாட்டில் டென்னி டயஸ் முழு சோலோவையே இதில் வாசித்தார். ஜாஸ் கைப்பழக்கம் உள்ளவரின் நீண்ட தொடர்கள் அவை. அதே ஆண்டு யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹவ் 'சைபீரியன் கட்ரு' என்ற பாட்டில் வாசித்தார். 1978இல் எடி வான் ஹேலன் 'எய்ன்ட் டாக்கின் பவுட் லவ்' பாட்டின் சோலோவில், தான் எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்ததையே எலெக்ட்ரிக் சிதாரிலும் வாசித்து மேலே சேர்த்தார். சிதார் தனியாகக் காதில் விழாது. கிடாருக்கு ஒரு விளிம்பு கூடியதுபோல் மட்டும் தோன்றும். கருவியை மறைத்துப் பயன்படுத்தும் இந்த உத்தி வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று. சொந்தமாக ஒலிப்பதிவு செய்கிறவருக்கு இது ஆண்டு முழுவதும் பயன்படும்.

எனக்கு இவற்றில் எல்லாம் மேலானது பாட் மெதீனியின் 'லாஸ்ட் ட்ரெயின் ஹோம்'. 1987இல் வந்தது. இரயில் ஓட்டம் போன்ற டிரம்ஸ் தாளத்தின்மேல், அவசரமே இல்லாத ஒரு மெட்டை எலெக்ட்ரிக் சிதார் முழுப்பாட்டிலும் சுமந்துபோகிறது. இது அமெரிக்க நிலவெளியின் பாட்டு. இந்தியாவின் சாயல் எதுவும் அதில் இல்லை. கருவி பிறந்து இருபது ஆண்டுகளில் அது தன் பெயரிலிருந்து விடுபட்டுவிட்டதை அந்தப் பதிவு காட்டுகிறது. இந்தக் கருவியை வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் அதைக் கேட்டுவிட்டு, இதேபோல் தன்னிடம் ஒரு மெட்டு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

இந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் பொதுவான சில பழக்கங்கள் தெரியும். நீளமாகக் கார்டு அடித்துக்கொண்டிருப்பது அரிது. ஒற்றைத் தந்தித் தொடர்களும் இரண்டு சுரச் சேர்க்கைகளும்தான் அதிகம். ஒலியைக் கிழிக்கும் டிஸ்டார்ஷன் குறைவு, ஏனென்றால் ரீங்காரம் அந்தக் கரகரப்பில் கரைந்து அடையாளம் இழந்துவிடும். இராகம் வாசிக்க முயன்று நிலைத்த பாட்டு ஒன்றுகூட இந்த வரிசையில் இல்லை.

அந்தக் கடைசிச் செய்திதான் தமிழ்நாட்டிலிருந்து இதை வாங்க நினைப்பவருக்கு முக்கியமானது. நம்மில் பலருக்கு உள்ளே இருக்கும் ஆசை, கிடாரில் நம் இசையை வாசிக்க வேண்டும் என்பது. நல்ல ஆசை. ஆனால் நம் இசையின் உயிர் ரீங்காரத்தில் இல்லை, கமகத்தில் இருக்கிறது. சிதாரில் உயர்ந்து வளைந்த மெட்டுகளின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் நான்கைந்து சுரங்களைத் தொடலாம். வீணையிலும் இழுப்பு உண்டு. கிடாரின் கழுத்தில் மெல்லிய தந்தி போட்டு வளைத்தாலும் இரண்டு மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் போவது கடினம். எலெக்ட்ரிக் சிதாரின் கழுத்தும் அதே கிடார்க் கழுத்துதான். தோடியின் காந்தாரத்தை அசைக்க அது எந்த உதவியும் செய்யாது. சொல்லப்போனால் சீக்கிரம் அடங்கும் சுரம் கமகத்துக்குத் தடையே ஆகும்.

கமகத்தை உண்மையாக நாடியவர்கள் வேறு திசையில் போயிருக்கிறார்கள். ஜான் மெக்லாஃப்லின் 1970களில் ஷக்தி குழுவில் எல். சங்கர், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு வாசித்தபோது, மெட்டுகளுக்கு இடையே கழுத்து மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிடாரைப் பயன்படுத்தினார். அந்தக் குழிவில் தந்தியை அழுத்தி இழுக்க முடியும். கூடவே ஒலிக்க ஏழு தந்திகளும் அதில் குறுக்காக ஓடின. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், மாண்டலினின் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தி கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையை முழுமையாக வாசித்தார். இருவரும் ரீங்காரம் தரும் பிரிட்ஜைத் தேடவில்லை. இடது கை சுதந்திரமாக நகர வழி தேடினார்கள். சிதார் கலைஞர் நிலாத்ரி குமார் எதிர்த்திசையிலிருந்து வந்தார். சிதாரையே மின்கருவியாக்கி, ஸிட்டார் என்று பெயரிட்டு, ராக் கிடாரின் முழக்கத்தை அதற்குக் கொடுத்தார். அவர் கையில் சிதாரின் பிடியும் பயிற்சியும் அப்படியே இருக்கின்றன. கர்நாடக இசையோ இந்துஸ்தானி இசையோ வாசிக்கத்தான் கிடார் வேண்டும் என்றால், எலெக்ட்ரிக் சிதாருக்கு வைத்திருக்கும் பணத்தைக் கழுத்தைக் குழிவாகச் செதுக்கவும் நல்ல ஆசிரியரிடம் பயிலவும் செலவிடுங்கள்.

அந்த ஒலி மட்டும் வேண்டும், கருவி வேண்டாம் என்றால் மாற்று வழிகள் இருக்கின்றன. ஜெனரல் மிடி தரத்தைப் பின்பற்றும் எந்தக் கீபோர்டிலும் 105ஆம் எண்ணில் சிதார் உண்டு. ஆனால் கீயைத் தட்டும் விரலுக்கும் தந்தியை மீட்டும் விரலுக்கும் உள்ள தூரம் உடனே காதில் விழும். எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனம் ராவிஷ் என்ற பெடலைக் கொண்டுவந்தது. லைன் 6 நிறுவனத்தின் வேரியாக்ஸ் கிடார்களில் கணினி வழியே எலெக்ட்ரிக் சிதார் ஒலி கிடைக்கும். மேடையில் ஒரே ஒரு பாட்டுக்கு இந்த ஒலி தேவைப்படுகிறவருக்கு இவை போதும் என்று தயங்காமல் சொல்வேன். கல்யாண வரவேற்பில் வாசிக்கும் குழு ஒன்று 'சைன்டு, சீல்டு, டெலிவர்டு' வாசிப்பதற்காகத் தனிக் கருவி தூக்கிப்போக வேண்டியதில்லை.

இவற்றில் கிடைக்காதது ஒன்று உண்டு. மீட்டும் விசையை மாற்றும்போது அசல் பிரிட்ஜில் உரசலும் மாறுகிறது. மெல்லத் தொட்டால் தந்தி பரப்பை எட்டுவதே இல்லை, ரீங்காரம் குறைந்து கிடார் தெரிகிறது. அழுத்தி மீட்டினால் சீறுகிறது. பிரிட்ஜை ஒட்டி மீட்டுவதும் விலகி மீட்டுவதும் வேறு வேறு. வாசிப்பவரின் கை இந்த வேறுபாடுகளைக் கண்டுகொண்டு தன் வாசிப்பையே மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. கருவியை வாங்குவதற்கான ஒரே வலுவான காரணம் இதுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பஸ் பிரிட்ஜ் என்ற பெயரில் இந்த உறுப்பு மட்டும் தனியாக விற்கிறது. ஜப்பானின் கோட்டோ நிறுவனம் செய்வது பரவலாகப் பயன்படுகிறது. வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு மலிவு விலை எலெக்ட்ரிக் கிடாரில், அதற்குப் பொருந்துமா என்று பார்த்து, வேலை தெரிந்தவர் அதை மாட்டித் தருவார். சிலர் தம்புராவின் நூலையே கிடார் சேடிலில் வைத்துப் பார்க்கிறார்கள். சேடில் கூர் விளிம்பாக இருப்பதால் அங்கே நூலால் பயனில்லை, தந்தி உரசிப்போக ஓர் அகன்ற பரப்பு வேண்டும். பஸ் பிரிட்ஜ் கொடுப்பது அந்தப் பரப்பைத்தான்.

முழுக் கருவிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் சந்தையில் இருப்பவை சில வகைகளே. அசல் கோரல் பல ஆயிரம் டாலர் விலைக்குப் போகும் பழம்பொருள். வாசிப்பதற்காக அதை வாங்கத் தேவையில்லை. நாஷ்வில்லில் ஜெர்ரி ஜோன்ஸ் செய்துவந்த கருவிகளுக்கு வாத்தியக்காரர்களிடம் நல்ல பெயர். அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் அவை பழைய சந்தையில்தான் கிடைக்கும். மறுபிறவி எடுத்த டேன்எலெக்ட்ரோ, கூடுதல் தந்திகள் இல்லாத பேபி சிதார் என்ற சிறிய வடிவத்தை விற்கிறது. எளிமையான உடல், ஒரே பிக்கப், ஆறே தந்தி. இன்று புதிதாக வாங்குகிறவருக்கு அது போதும். இங்கே வரவழைக்கும்போது அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேர்ந்து விலை வெகுவாகக் கூடும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வாசித்துப் பார்க்காமல் வாங்க நேரும் என்பது அதைவிடப் பெரிய இழப்பு.

வாசித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பெடல் எதுவும் இல்லாமல், சுத்தமான ஆம்ப் ஒலியில் வாசியுங்கள். முதலில் ஆறு தந்திகளையும் திறந்து, ஒவ்வொன்றாக மீட்டுங்கள். தடித்த தந்திகள் சீறி, மெல்லியவை ஊமையாக இருந்தால் பிரிட்ஜின் சாய்வு சரியில்லை. விற்பவரை அதைத் திருத்தச் சொல்லி மறுபடி கேளுங்கள். பிறகு கழுத்தின் தொடக்கத்தில் ஒரு கார்டும் 12ஆவது மெட்டை ஒட்டி ஒரு கார்டும் போடுங்கள். கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை. காது கூசினால் விட்டுவிடுங்கள். பழைய கருவியாக இருந்தால் பிரிட்ஜின் பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். தந்திகள் உரசி உரசி அங்கே பள்ளம் விழும். பள்ளத்தில் உட்கார்ந்த தந்தி ரீங்கரிக்காது, பரப்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டிவரும். தந்தியின் தடிமனை மாற்றினால் முழு அமைப்பையும் திரும்பச் செய்ய வேண்டும். ஆகவே முதலில் என்ன தடிமனில் அமைந்திருக்கிறதோ அதையே தொடர்வது நல்லது.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரத்தால் கழுத்து மரம் அசையும், தந்தி துருப்பிடிக்கும். சாதாரண கிடாரில் தந்தியின் உயரம் சிறிது மாறினால் விரல் மட்டும் உணரும். இதில் ஒலியே மாறிவிடும். உரசலுக்கான இடைவெளி அவ்வளவு நுண்ணியது. எனவே பிரிட்ஜைத் திருகித் திருத்தும் வேலையை வாங்குகிறவரே கற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் பழுது பார்ப்பவரைத் தேடி ஓட முடியாது. இந்த இடத்தில் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. தம்புராவுக்கு ஜீவாளி போடத் தெரிந்த எவரும், எந்த ரீங்காரம் நிறைவானது, எது வெறும் இரைச்சல் என்று கேட்டே சொல்லிவிடுவார். அந்தக் காதை உடன் அழைத்துப் போங்கள். கிடார் கடையில் கிடைக்காத ஆலோசனை அது.

ஒரே குரல் என்பதால் மட்டும் கருவியை ஒதுக்குவது நியாயம் இல்லை. நாகஸ்வரத்திடம் யாரும் வேறு குரல் கேட்பதில்லை. மோர்சிங்குக்கும் ஒரே குரல்தான், அதை வைத்துத் தனி ஆவர்த்தனத்தில் அவ்வளவு பேசிவிடுகிறார்கள். பல குரல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எலெக்ட்ரிக் கிடாருக்கு மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அதனால் அதன் விற்பனையும் அப்படியே நடக்கிறது. எத்தனை ஒலி வரும் என்று கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு, இந்த ஓர் ஒலியில் எனக்கு எவ்வளவு சொல்ல இருக்கிறது என்று கேட்பது புதிதாக இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆகவே என் முடிவு இது. ஒரே கிடார் மட்டும் வைத்திருப்பவர், அது நல்ல கிடாராக இல்லாதவரை, இதை வாங்க வேண்டாம். கமகம் தேடுகிறவரும் வேண்டாம். மேடையில் பிறர் பாட்டுகளை வாசிக்கிறவருக்குப் பெடல் போதும். சொந்தமாக மெட்டமைத்து ஒலிப்பதிவு செய்கிறவர், முதலில் ஒரு பழைய கிடாரில் பஸ் பிரிட்ஜைப் பொருத்தி ஓர் ஆண்டு வாசியுங்கள். அந்த ஒலி இல்லாமல் பிறந்திருக்க முடியாத பாட்டு ஒன்று உங்களிடம் பிறந்தால் பேபி சிதாரை வாங்குங்கள். பிறக்காவிட்டால் பழைய பிரிட்ஜைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.